மூக்குப்பொடியும் மரவாழைப் பூவும்

தம்பி,

இவ்விடம் யாவரும் சுகம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் நான் சுகம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். ஆறு வாரமாக என் மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது, தலை கனக்கிறது, டிக்கெட் கேட்டு வருகிற ஜனங்கள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன். இருந்தாலும் என் ஆயுசில் இவ்வளவு பிடிவாதமாக நான் எந்தக் காரியத்திலும் நின்றதில்லை. போன வெள்ளிக்கிழமை கீரமங்கலத்தில் உன் நிச்சயதார்த்தத்தின்போது நான் ஓரமாக உட்கார்ந்து தும்மிக்கொண்டே இருந்தேன். நீ பெண் வீட்டாரிடம், "அப்பாவுக்குச் சளி" என்று சமாளித்தாய். சளி இல்லை, தம்பி. பொடியை விட்டுவிட்டேன்.

அதே நிச்சயத்தில் நீ முகம் துடைக்க எடுத்த கைக்குட்டையையும் நான் பார்த்தேன். ஓரத்தில் பழுப்புக் கறை. வெற்றிலைக் கறைக்கும் பொடிக் கறைக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்? நான் பார்த்ததைப் பார்த்ததும் நீ அதைச் சட்டென்று மடித்துப் பைக்குள் திணித்தாய். பாம்பின் கால் பாம்பறியும். அந்த இடத்திலேயே உன்னைத் தனியாகக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. அதனால் திட்டாமல், எனக்கு நடந்ததை எழுதுகிறேன். ஆவணியில் உன் கல்யாணம். அதற்குள் இதை இரண்டு தரமாவது படித்துவிடு.

எனக்குக் கல்யாணமான வருஷம்தான் கீரனூரில் பஸ் ஏஜெண்டு வேலை கிடைத்தது. வேலை என்றால் திருச்சி ரோட்டோரப் புளியமரத்தடியில் ஒரு மேஜை, ஒரு டிக்கெட் புத்தகம், நாள் முழுக்கப் புழுதி. "புழுதிக்கு இதவிட மருந்து கெடையாது" என்று ஒரு டிரைவர் தன் பொடி மட்டையிலிருந்து ஒரு சிட்டிகை கொடுத்தார். தும்மினேன், கண்ணில் நீர் வந்தது, மண்டைக்குள் ஒரு ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது. மறுநாள் நானே கேட்டு வாங்கிப் போட்டேன். அடுத்த வாரம் என் மடியில் சொந்த மட்டை இருந்தது. மணம் என்பது ஒரே நாளில் போய்விடாது. முதலில் மல்லிகை போயிற்று, பிறகு காப்பி போயிற்று, கடைசியில் கருவாடு போயிற்று. கருவாட்டு வாடை தெரியாமல் போனபோது நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் கருவாட்டுக் கூடை ஏற்றுகிறவர்களோடு சண்டை போடுகிற வேலை மிச்சமாயிற்று அல்லவா?

உன் ஆத்தா வந்து சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். அவள் பிறந்த வீட்டில் கிணற்றடி முழுக்கப் பூச்செடி. இங்கே நாம் இருந்தது நாலு குடும்பம் ஒண்டியிருக்கிற வீட்டில் ஒரு பகுதி. வாசல் முழுக்கக் கல் பாவியிருக்கும், நீ தவழ்ந்து முழங்கால் தேய்ந்த வாசல்தான். "ஒரு ஓரமாப் பூச்செடி வச்சுக்கிறட்டுமாண்ணே?" என்று வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்டாள். "செவுத்துல ஈரம் ஏறிரும். மண்ணத் தோண்டுற வேலையெல்லாம் வேணாம்மா" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார் அவர். அவள் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் கேட்காமல் இருப்பதற்கும் விட்டுவிடுவதற்கும் வித்தியாசம் உண்டு என்பது உன் ஆத்தாளோடு குடித்தனம் செய்தவனுக்குத்தான் தெரியும்.

ஒருநாள் பஸ் கூரையில் இடிக்கிறதென்று ரோடு வேலை ஆட்கள் புளியங்கிளைகளை வெட்டித் தள்ளினார்கள். எனக்குச் சோறு கொண்டுவந்தவள் கிளைகளுக்கு நடுவே குனிந்து எதையோ பிய்த்துக்கொண்டிருந்தாள். தாழை மடலைச் சின்னதாக்கினது போல இரண்டு பக்கமும் அடுக்கடுக்காக இலை, அடியில் சணல் கயிறு போல வெள்ளை வெள்ளையாக வேர். மரவாழை. "அது புல்லுருவி தாயி. மரத்தையே திங்கிறது, குடும்பத்த விடுமா? வீட்டுக்குக் கொண்டு போவாத" என்றான் வெட்டுகிறவன். நம் பக்கத்தில் மரத்தில் ஒட்டி வளர்கிற எல்லாமே புல்லுருவிதான், மரவாழையையும் அதோடு சேர்த்து வெட்டி எரித்துவிடுவார்கள். இவள் வேரைத் திருப்பிக் காட்டினாள். "பட்டைக்குள்ள எறங்கவே இல்லையேண்ணே. மேலாக்க ஒட்டிக்கிட்டுல்ல இருக்கு? மரத்துக்கிட்ட இது ஒண்ணும் வாங்கித் திங்கலியே." அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அவள் அதை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மண்ணைத் தோண்டக் கூடாது என்றால் மண் கேட்காத செடி. அவ்வளவுதான் அவள் கணக்கு. ஒரு மரத்துண்டில் தேங்காய் நாரை வைத்து, அதன்மேல் செடியைப் பழந்துணி நாடாவால் கட்டி, வாசல் விட்டத்தில் தொங்கவிட்டாள். வீட்டுச் சொந்தக்காரர் வந்து பார்த்தார். கல் பாவின வாசலில் ஒரு பிடி மண் இல்லை. என்ன சொல்வார்? மூன்றாவது வருஷம் இலைக்கு இடையிலிருந்து ஒரு தண்டு நீண்டு பூத்தது. பார்வைக்கு அது ஒன்றும் அழகான பூ இல்லை. மங்கின மஞ்சளில் தேமல் விழுந்தது போலப் பழுப்புக் கட்டங்கள், நடுவில் ஊதாவாக ஒரு நாக்கு. சாமிக்குப் போட மாட்டார்கள், தலையில் வைக்க மாட்டார்கள். பஸ்ஸுக்காகக் காத்திருந்த ஒரு ஓவர்சியர் தண்ணீர் கேட்டு வாசலுக்கு வந்தவர், "இது ஆர்க்கிட் அல்லவா? துரைமார் பங்களாவில் கண்ணாடி அறை கட்டி வளர்க்கிற சாமானாச்சே" என்று ஆச்சரியப்பட்டார். உன் ஆத்தாளுக்கு அந்தப் பேரெல்லாம் வேண்டியிருக்கவில்லை. அதன் மணம்தான் வேண்டும். அதைப் பறிக்காமல், செடியிலேயே விட்டு, இருபது நாள் போல வாசலை மணக்கவைப்பாள். போகிற வருகிற ஜனங்கள் நின்று தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

முதல் பூ விரிந்த அன்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, "மணக்குதாங்க?" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பொடி போட்ட மூக்குக்குப் பூ ஏது? ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ம், மணக்குதே" என்றேன். பாதகமில்லாத பொய் என்று நினைத்தேன். பொய்யில் பாதகமில்லாதது என்று ஒன்று இருந்தால் நான் இந்தக் கடிதம் எழுத வேண்டியிருக்காது. அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அவள் கேட்பாள், நான் தலையாட்டுவேன். அவள் கொல்லிமலைப் பக்கம் போகிற டிரைவர்களிடம் சொல்லிவைத்து இன்னும் இரண்டு மூன்று ஜாதி சேர்த்தாள். செடிகள் ஏழாயின. பொய்யும் கூடவே வளர்ந்தது.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உனக்கு எட்டு வயசிருக்கும். "அப்பா, கண்ண மூடுங்க" என்று என் மூக்குக்கு நேரே எதையோ நீட்டினாய். நான் கண்ணை மூடிக்கொண்டே, "ஆகா, நம்ம வீட்டுப் பூ" என்றேன். கண்ணைத் திறந்தால் உன் கையில் வெங்காயச் சருகு. நீ கைகொட்டிச் சிரித்துக்கொண்டே, "ஆத்தா, அப்பாவுக்கு மணக்கவே மணக்காது. அவுக பொய் சொல்றாக" என்று கத்தினாய். நாலு குடும்பமும் வாசலில் இருந்தது. நான் உன்னை அறைந்தேன். நீ பொய் சொல்லியிருந்தால் அவ்வளவு பலமாக அடித்திருக்க மாட்டேன். சொன்னது நிஜம், அதனால்தான் கை அப்படி நீண்டது. உன் ஆத்தா உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு நீ அந்தச் செடிகளின் பக்கம் வருவதையே விட்டுவிட்டாய். நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. பதினாலு வருஷம் கழித்துக் கேட்கிறேன், அந்த அடிக்காக என்னை மன்னித்துக்கொள். மகனிடம் மன்னிப்புக் கேட்டால் தகப்பனுக்குக் கௌரவக் குறைச்சல் என்பார்கள். இருக்கட்டும்.

இந்தப் பங்குனியில் உன் ஆத்தா காய்ச்சலில் கிடந்தாளே, அது உனக்குத் தெரியும். நீ இரண்டு நாள் லீவு எடுத்து வந்து பார்த்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பினாய். காய்ச்சல் விட்டது, எழுந்தாள், பழையபடி வேலை பார்த்தாள். சித்திரையில் மரவாழை பூத்தது. வழக்கம்போலப் போய் நின்றாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இந்த வருசம் பூவுல வாசமே இல்லைங்க. தண்ணி கொறஞ்சு போச்சு போல" என்றாள். நானும், "வெயில் சாஸ்தி" என்று ஒரு காரணம் சொன்னேன். உரம் மாற்றிப் பார்த்தாள், இடம் மாற்றிக் கட்டிப் பார்த்தாள். மறுபடி மறுபடி போய் முகர்ந்து பார்ப்பாள். நான் பார்த்துக்கொண்டே பொடி போடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து உன் நிச்சயத்துக்கு யார் யாரை அழைப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்துப் பகுதியில் இருக்கிற செல்லம்மா கையைக்கூடத் துடைக்காமல் ஓடிவந்தாள். "என்னக்கா, அடுப்புல என்ன தீயிது? தெரு முச்சூடும் நாறுது, நீங்க பாட்டுக்கு ஒக்காந்திருக்கீக?" என்றாள். உள்ளே ஓடினோம். பால் முழுக்கப் பொங்கி வழிந்து, பாத்திரம் கரியாகி, அடுப்போரம் வைத்திருந்த பிடிதுணி புகைந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கூரையில் பிடித்திருக்கும். பத்தடி தூரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம், இரண்டு பேருக்கும் தெரியவில்லை. செல்லம்மா தண்ணீரை ஊற்றி அணைத்தாள். உன் ஆத்தா அந்தத் துணியை எடுத்து மூக்கில் வைத்து இழுத்தாள். இன்னொரு தரம் இழுத்தாள். பிறகு கையிலேயே வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

செல்லம்மா போன பிறகுதான் பேசினாள். "அப்பப் பூவுக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் போயிருச்சு. இல்லைங்க?" என்றாள். துணியைக் கீழே வைத்துவிட்டு, "நெசத்தச் சொல்லுங்க, அந்தப் பூ மணக்குதா?" என்று கேட்டாள். வாய் பழகிவிட்டது, தம்பி. யோசிக்கவே இல்லை. "மணக்குதே" என்றேன். அவள் என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. "ஒங்களுக்கு எப்பங்க மணந்துச்சு?" என்றாள். "மொத வருசமே எனக்குத் தெரியும். நான் கேக்குறதும் நீங்க தலையாட்டுறதும் ஒரு பேச்சுக்கு நடந்துக்கிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். இப்பக் கேக்குறது பேச்சுக்கு இல்லைங்க. எனக்குத் தெரிஞ்சாகணும். கேக்குறதுக்கு வீட்டுல ஆள் இல்ல." அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை அறுத்தது. கூடவே இருக்கிற மனுஷனைப் பார்த்து, வீட்டில் ஆள் இல்லை என்கிறாள்.

மறுநாள் நான் பஸ் ஸ்டாண்டிலிருந்து சாப்பிட வந்தபோது விட்டம் காலியாக இருந்தது. ஏழு செடிகளையும் இறக்கிக் கிணற்றடியில் வைத்திருந்தாள். "மரத்துல கெடந்தது மரத்துக்கே போகட்டும். ரோட்டுப் புளியமரத்துல கட்டி விட்டுட்டு வந்துருங்க" என்றாள். ரோட்டுப் புளியமரத்தில் கட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புல்லுருவி என்று அடுத்த வெட்டில் போய்விடும். நான் சாப்பிட உட்காரவில்லை. மடியிலிருந்த பொடி மட்டையை எடுத்து அவள் கண் முன்னால் அடுப்பில் போட்டேன். "ஒரு மண்டலம் குடு. நாப்பத்தெட்டு நாள். என் மூக்கு திரும்புனா நான் மோந்து பாத்து ஒனக்கு நெசத்தச் சொல்றேன். திரும்பலைன்னா நானே கொண்டு போய்க் கட்டுறேன்" என்றேன். "இந்த வயசுலயா?" என்றாள். "இந்த வயசுலதான்" என்றேன். "தண்ணி நான் ஊத்த மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரம் விளக்கப் போய்விட்டாள்.

ஆக, பொடியை விடுகிற வேலையோடு செடி வளர்க்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. முதல் பத்து நாள் எப்படி இருந்தது என்று எழுதினால் நீ பயந்துவிடுவாய். கை தானாக மடிக்குப் போகும். ஒரு டிரைவர் நான் படுகிற பாட்டைப் பார்த்து, "ஏஜெண்டையா, ஒரே ஒரு சிட்டிக. சாமி கண்ணக் குத்தாது" என்று நீட்டினார். வாங்கிவிட்டேன். விரலிடுக்கில் பிடித்தும்விட்டேன். அப்போது பார்த்துத் திருச்சி பஸ் வந்து நின்று அந்தப் புழுதியில் என் விரலில் இருந்ததெல்லாம் பறந்துபோயிற்று. என் உறுதியால் தப்பித்தேன் என்று உனக்குச் சொல்லலாம். இந்தக் கடிதத்தில் பொய் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன், புழுதியால்தான் தப்பித்தேன். அடுத்த நாள் நீட்டியபோது மாத்திரம் நானாக வேண்டாம் என்றேன்.

செடி விஷயத்தில் என் அவசர புத்தி ஒரு உயிரைத் தின்றுவிட்டது. மத்தியானம் சாப்பிட வருகிறபோது, வெயிலில் வாடுகிறதே என்று ஒரு வாளித் தண்ணீரைத் தலையோடு கவிழ்ப்பேன். கொல்லிமலைச் செடி ஒன்றின் நடுக்குருத்தில் தண்ணீர் தங்கி, உச்சி வெயிலில் வெந்து, ஒரு வாரத்தில் குருத்தைத் தொட்டால் கையோடு வந்துவிட்டது. உன் ஆத்தா அடுப்படியில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "வேரப் பாக்க மாட்டீங்களா? வெள்ளையா இருந்தாத் தாகம், பச்சையாயிட்டாப் போதும். அது சொல்லுது, நீங்க கேக்க மாட்டேங்கிறீக" என்றாள். செடியை மட்டும் வைத்துச் சொன்ன மாதிரி எனக்குப் படவில்லை. அன்றிலிருந்து காலையில் முதல் பஸ்ஸுக்கு முன்னால் வேரைப் பார்த்துப் பார்த்து, வேருக்கு மட்டும் தண்ணீர் தெளிக்கிறேன்.

உனக்கு வரப்போகிற பெண் நிச்சயத்தன்று உன் ஆத்தாளிடம், "மண்ணே இல்லாம பூக்குமாமே அத்தே, எனக்கும் ஒண்ணு தருவீங்களா?" என்று கேட்டதை நீ கவனித்தாயோ என்னவோ. உன் ஆத்தா பதில் சொல்லாமல் தாம்பூலத் தட்டை நகர்த்திவைத்தாள். அந்தப் பெண் முகம் வாடிவிட்டது. மாமியாருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்திருக்கும். அப்படி இல்லை என்று நீ எழுதிப் போடு, காரணத்தையும் எழுது. செடி கட்டாயம் வரும், நான் பொறுப்பு. நீங்கள் குடியிருக்கப் போவது திருச்சியில் மாடி அறை, அங்கே வேறு எந்தச் செடியும் பிழைக்காது, இது பிழைக்கும். கிழக்கு ஜன்னலில் தொங்கவிடு. மேற்கு வெயில் ஆகாது, அந்தப் பக்கம் ஒரு ஓலைத்தட்டி கட்டு. தேங்காய் நாரோடு அடுப்புக்கரித் துண்டு நாலு சேர்த்து வை, பெட்ரோல் கிடைக்காத இந்த யுத்த காலத்தில் பஸ் ஓடுவதே கரியில்தானே, நான் நல்ல துண்டாகப் பொறுக்கி வைத்திருக்கிறேன். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் அரிசி கழுவின தண்ணீரை நிறையத் தண்ணீர் கலந்து கொடு. பூக்கவில்லை என்று அவசரப்படாதே. கட்டின இடத்தை வேர் பிடித்துக்கொள்ளவே ஒரு வருஷம் ஆகும், அதுவரைக்கும் இடத்தை மாற்றாமல் இருந்தால் போதும்.

இதெல்லாம் அந்தப் பெண்ணே பழகிக்கொள்வாள். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். பூ விரிந்து அவள் உன்னை அழைத்து மணக்கிறதா என்று கேட்கும்போது, கேட்கிறவளுக்கு உன் மூக்கு இருக்க வேண்டும். பெண்சாதி கேட்கிற கேள்வியெல்லாம் அற்பமாகத்தான் தோன்றும். சாம்பாரில் உப்பு சரியா, இந்தப் புடவை நன்றாக இருக்கிறதா, பூ மணக்கிறதா. ஒன்றையும் பார்க்காமல் தலையாட்டிவிட்டுப் போனால் வீடு சண்டையில்லாமல் ஓடும், எனக்கு இருபத்துநாலு வருஷம் ஓடிற்று. அப்புறம் ஒருநாள் நிஜமாகவே உன் வார்த்தை அவளுக்கு வேண்டியிருக்கும், அன்றைக்கு உன் வார்த்தை செல்லாது. பொடியை விட்டுவிடு, தம்பி. உனக்கு இன்னும் மல்லிகைகூடப் போயிருக்காது. போன பிறகு திரும்பப் பிடிக்கிறது எவ்வளவு கஷ்டம் என்பதை என் மூக்கைக் கேள்.

முப்பதாம் நாள் வாக்கில் என் மூக்கு கண்விழித்தது. பூவோ பன்னீரோ வந்து எழுப்பவில்லை. பஸ் ஸ்டாண்டுச் சாக்கடைதான் எழுப்பிற்று. மேஜையில் உட்கார்ந்திருந்தவன் திடீரென்று குமட்டி எழுந்தேன். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை, சாக்கடை ஓரத்தில் நின்று மூச்சை மூச்சை இழுத்த ஏஜெண்டைப் பார்த்துப் பிரயாணிகள் என்ன நினைத்தார்களோ. அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கரிப் புகை, என் சட்டையின் வேர்வை, திருச்சியிலிருந்து இறங்கின திராட்சைக் கூடை. வீட்டுக்கு வந்தால் உன் ஆத்தா தாளித்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் இப்படி ஒரு வாசனை இருந்திருக்கிறது, நான் பாட்டுக்கு உள்ளே வந்து கை கழுவி உட்கார்ந்து தின்றுவிட்டுப் போயிருக்கிறேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு இல்லாதது எனக்கு வந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? பூ விரியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முதன்முதலில் ரோட்டில் பொறுக்கின மரவாழையில், சித்திரைப் பூ உதிர்ந்த பிறகு, இன்னொரு தண்டு நீண்டு மொட்டுக் கட்டியிருந்தது.

நேற்றைக்கு நாற்பத்தோராம் நாள். காலையில் பார்த்தால் அடிமொட்டு இரண்டும் முழுக்க விரிந்திருந்தன. நான் மூக்கை உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு வந்து முக்காலி போட்டு ஏறினேன். உன் ஆத்தா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். வழக்கமாகக் கேட்கிற கேள்வியை அவள் கேட்கவில்லை. முதல் மூச்சில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதிலும் இல்லை. சாக்கடை தெரிகிற மூக்குக்குப் பூ தெரியாமல் போனால் என்ன செய்வேன்? மூன்றாவது தரம் கண்ணை மூடிக்கொண்டு, அவசரப்படாமல், கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன்.

"பூ மாதிரியே இல்ல" என்றேன்.

"அப்பறம்?"

"திராட்சைக் கூடை மாதிரி இருக்கு. அடியில ரெண்டு மூணு பழம் நசுங்கிப் போனா ஒரு இனிப்பு வாடை வரும்ல, அது."

அவள் அடுப்படி வாசலை விட்டு என் பக்கத்தில் வந்தாள். "திராட்சையா? ஆமா" என்றாள். "அதுக்குப் பின்னால லேசாக் கிராம்பு அடிக்குமே. தெரியுதா?"

என் ஆயுசில் ஒரு 'ஆமா' அவ்வளவு சுலபமாக நாக்கு நுனிக்கு வந்ததில்லை. அவள் கண் இரண்டும் நிறைந்து நிற்கிறது. சொல்லிவிட்டால் முடிந்தது, செடியும் தங்கும், அவளும் சிரிப்பாள். நான் திரும்பி அந்தப் பூவில் முகத்தைப் புதைத்து நன்றாக முகர்ந்தேன். கிராம்பு இல்லை.

"கிராம்பு இல்ல" என்றேன். "எனக்குத் தெரியல."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்பத் தெரியாதுங்க" என்றாள். "வெயில் ஏறணும். அது பத்து மணிக்கு மேலதான் வரும். அப்ப வந்து சொல்றீங்களா?"

பத்து மணி எனக்குத் திருச்சி பஸ் வருகிற நேரம். டிக்கெட் புத்தகத்தைக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். இந்த வயசில் திருச்சி ரோட்டில் ஓடுகிற ஏஜெண்டைப் பார்த்து, எங்கோ நெருப்புப் பிடித்துவிட்டது என்று இரண்டு பேர் கூடவே ஓடிவந்தார்கள். உன் ஆத்தா வாசலில் செடிக்குக் கீழே முக்காலியில் உட்கார்ந்து, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்துநாலு வருஷத்தில் என் பதிலுக்காக அவள் காத்திருந்ததை நான் பார்த்தது நேற்றுதான். எழுந்து எனக்கு முக்காலியைக் கொடுத்தாள். நான் ஏறினேன், முகர்ந்தேன், தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னேன். மத்தியானம் நான் வரும்போது அவளே கத்தியை எடுத்து, உனக்கு வரப்போகிறவளுக்காகப் பக்கக் கன்றைப் பிரித்து நார் சுற்றிக்கொண்டிருந்தாள்.

கிராம்பு இருந்ததா இல்லையா என்று உனக்கு எழுத மாட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்கு வந்து சேர். பூ இன்னும் பதினைந்து நாள் நிற்கும். நீயே ஏறி முகர்ந்து பார்த்து, உன் ஆத்தாளிடம் நீயே சொல்.

உன்னைப் பெற்றவன்